கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் பாதுகாப்பு: எந்த இழப்புக்கு எந்தக் காப்பு?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பாதுகாப்பு என்பது இலகுவான பகுதி என்று பலரும் எண்ணுவர். படிக்காமலே எழுதிவிடலாம் என்ற துணிவில் பரீட்சை மண்டபத்துக்குச் செல்வோரும் உண்டு. "மடிக்கணினியிலுள்ள தரவுகளைப் பாதுகாக்கும் மூன்று வழிகளைத் தருக" என்று கேட்டால், கடவுச்சொல் இடல், வைரசு எதிர்ப்பு மென்பொருள் நிறுவுதல், காப்பெடுத்தல் என மூன்று வரிகளை எழுதிவிடலாம். புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் வினா சற்றுத் திரும்பி, "கடவுச்சொல் இடப்பட்டிருந்த மடிக்கணினி ஒன்று களவு போயிற்று. அதிலிருந்த கோப்புகளைத் திருடியவரால் வாசிக்க முடியுமா? காரணம் தருக" என்று வந்தால் பேனா நின்றுவிடுகின்றது.

காரணம் இதுதான். வழிகளின் பெயர்களை மனனஞ் செய்த மாணவர், ஒவ்வொரு வழியும் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்பதைப் படிப்பதில்லை. இவ்வலகில் அதனையே விரிவாக நோக்குவோம். இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமன்று. இன்று உங்கள் வீட்டிலுள்ள தொலைபேசியில் அம்மாவின் வங்கிக் கணக்கு உண்டு. வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பும் பணத்துக்கான குறுஞ்செய்தி உண்டு. உங்கள் செயற்றிட்ட அறிக்கை உண்டு. தொலைபேசியின் விலையைக் கடையில் கேட்டு அறியலாம். உள்ளே இருப்பதன் விலையைக் கூறக் கடைக்காரரால் முடியாது.

1. மூவகை இழப்புகள்

தொலைபேசி அல்லது மடிக்கணினி தொடர்பாக ஏற்படக்கூடிய இழப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சாதனத்தையே இழத்தல். இரண்டாவது, தரவு பிறர் கைக்குச் செல்லல். பிறர் உங்கள் கணக்கினுள் புகுந்து உங்கள் பெயரில் செயற்படுவதும் இதனுள் அடங்கும். மூன்றாவது, தரவு அழிந்து போதல்.

இம்மூன்றும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. கிணற்றுக் கட்டில் வைத்த தொலைபேசி கிணற்றினுள் விழுந்தால் முதலாவதும் மூன்றாவதும் நிகழ்கின்றன. உங்கள் இரகசியம் எவரிடமும் போய்ச் சேரவில்லை. நீங்கள் மைதானத்தில் விளையாடும்போது நண்பர் ஒருவர் உங்கள் தொலைபேசியைத் திறந்து செய்திகளை வாசித்தால் இரண்டாவது மட்டுமே நிகழ்கின்றது. தொலைபேசி உங்களிடமே திரும்பி வந்துவிடும், செய்திகளும் அப்படியே இருக்கும். ஆகவே இழப்பு நிகழ்ந்ததென்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். பஸ்ஸில் பை களவு போனாலோ மூன்றும் ஒருங்கே நிகழக்கூடும்.

கடவுச்சொல் கிணற்றில் விழுந்த தொலைபேசியின் படங்களை மீட்டுத் தராது. காப்பு நகல் உங்கள் செய்திகளை நண்பர் வாசிப்பதைத் தடுக்காது. விடை எழுதுமுன், வினாவில் கூறப்பட்டிருப்பது எவ்வகை இழப்பு என்பதை முதலில் அடையாளம் காண்க.

2. தொலைபேசிக்கு மூன்று பூட்டுகள்

பெரும்பாலானோர் திரைப்பூட்டு ஒன்றையே அறிவர். உண்மையில் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று: திரை, சிம் அட்டை, நினைவக அட்டை.

திரைப்பூட்டுக்கு நான்கு இலக்கப் பின் எண்ணை இடுவோமானால் 0000 முதல் 9999 வரை 10,000 சேர்மானங்கள் உள்ளன. ஆறு இலக்கமாயின் 10 இலட்சம். அன்ட்ரொயிட் தொலைபேசியில் ஒன்பது புள்ளிகளை இணைத்து இடும் கோலப் பூட்டில் சாத்தியமான கோலங்கள் மொத்தம் 389,112 மட்டுமே. அதாவது ஆறு இலக்கப் பின் எண்ணிலும் அது குறைவு. அத்துடன் விரல் சென்ற தடம் கண்ணாடியில் எண்ணெய்க் கோடாகத் தெரியும். வெளிச்சத்தில் சற்றுச் சரித்துப் பார்த்தால் போதும்.

10,000 என்பதும் ஏட்டளவிற்றான். பலரும் பிறந்த ஆண்டையே பின் எண்ணாக வைப்பர். 19 அல்லது 20 இல் தொடங்கும் நான்கு இலக்க எண்கள் 200 மாத்திரமே. பிறந்த திகதியையும் மாதத்தையும் வைத்தால் 366. உங்கள் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும் வகுப்புத் தோழருக்கு ஒரேயொரு முயற்சி போதும்.

விரலடையாளம், முகம் ஆகியவற்றால் திறப்பது வசதியானது, பயன்படுத்தலாம். எனினும் தொலைபேசியை நிறுத்தி மீள இயக்கியதும் அது பின் எண்ணையே கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அடிப்படைப் பூட்டு பின் எண்ணே. அது வலுவற்றதாயின் விரலடையாளத்தால் பயனில்லை.

இனிச் சிம் அட்டை. இதனைப் பாடநூல்கள் பெரிதாகக் கவனிப்பதில்லை, ஆகவே ஆறுதலாக வாசிக்கவும். உங்கள் தொலைபேசியைத் திருடியவருக்குத் திரைப்பூட்டைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். சிம் அட்டையைக் கழற்றித் தன்னுடைய தொலைபேசியில் போட்டால் போதும். அதன்பின் உங்கள் இலக்கத்துக்கு வரும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அவரிடம் வரும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவரிடமே வரும். "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று அழுத்தி, உங்கள் இலக்கத்துக்கு வரும் குறியீட்டைக் கொண்டு கணக்குகளைக் கைப்பற்றவும் கூடும்.

இதைத் தடுப்பது சிம் பின் எண். இது தொலைபேசிக்கன்றி, சிம் அட்டைக்கே இடப்படும் பூட்டு. அட்டையை வேறு எத்தொலைபேசியில் போட்டாலும் இந்த எண்ணைக் கொடுத்தாலன்றி அது இயங்காது. மூன்று முறை பிழையாகக் கொடுத்தால் அட்டை பூட்டப்பட்டு, 8 இலக்கங்கள் கொண்ட பி.யூ.கே. எண்ணைக் கேட்கும். அதனையும் பத்து முறை பிழையாகக் கொடுத்தால் அட்டை நிரந்தரமாகப் பயனற்றுவிடும். இப்பூட்டைத் தொலைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளில் இயக்கலாம். இயக்கும்போது முதலில் பழைய எண்ணைக் கேட்கும். அதனைச் சேவை வழங்குநர் சிம் அட்டையுடன் தந்திருப்பார். தெரியாவிட்டால் ஊகித்துப் பார்க்க வேண்டாம். கேட்டறிந்த பின்னரே தொடங்குக.

நினைவக அட்டை பற்றி ஒரு சொல். தொலைபேசியில் செருகும் சிறிய அட்டையில் உள்ள படங்கள் பெரும்பாலும் எவ்விதப் பூட்டுமின்றியே பதியப்பட்டிருக்கும். அட்டையைக் கழற்றி வேறொரு கணினியில் போட்டவர் எல்லாவற்றையும் காண்பார். தேசிய அடையாள அட்டையின் படம், வங்கிப் புத்தகத்தின் படம் போன்றவற்றை அதில் வைத்திருக்கலாகாது.

3. மடிக்கணினியின் கடவுச்சொல் எதைக் காக்கிறது?

ஆரம்பத்தில் கண்ட வினாவுக்கு வருவோம். கணினியை இயக்கியதும் பயனர் பெயருடன் கேட்கப்படும் கடவுச்சொல், பணிசெயல் முறைமை வைத்திருக்கும் காவலாளி போன்றது. காவலாளி வாசலில் நிற்கிறார். வீட்டின் பின்சுவரைப் பெயர்த்து எடுத்துச் செல்பவரை அவர் காண்பதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைத்தால், அந்தக் கணினியின் பணிசெயல் முறைமைதான் இயங்கும். அதற்கு உங்கள் கடவுச்சொல்லைப் பற்றி எதுவும் தெரியாது. கோப்புகள் யாவும் திறக்கும். வன்தட்டைக் கழற்றாமலே, பென் டிரைவ் ஒன்றிலிருந்து வேறொரு பணிசெயல் முறைமையை இயக்கியும் இதனைச் செய்யலாம்.

ஆகவே சரியான விடை: "முடியும். கடவுச்சொல் பணிசெயல் முறைமையினுள் நுழைவதை மட்டுமே கட்டுப்படுத்துகின்றது. வன்தட்டில் தரவு மறைகுறியாக்கம் செய்யப்படாதிருப்பின் அதனை வேறு கணினியில் வாசிக்கலாம்."

மறைகுறியாக்கம் என்பது தரவை ஒரு சாவியின் துணைகொண்டு வாசிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிப் பதிவதாகும். சாவி இல்லாதவருக்கு வன்தட்டில் தெரிவது பொருளற்ற குறிகளே. வின்டோசின் தொழில்முறைப் பதிப்புகளில் பிற்லொக்கர் என்னும் வசதியும், மக் கணினிகளில் பைல்வோல்ற் என்னும் வசதியும் இதற்கென உள்ளன. அன்ட்ரொயிட் 10 உடன் அல்லது அதற்குப் பின் வெளிவந்த தொலைபேசிகள் யாவற்றிலும் மறைகுறியாக்கம் கட்டாயம். எனினும் திரைப்பூட்டு இடாத தொலைபேசியில் அதனால் என்ன பயன்? பெட்டியைப் பூட்டிவிட்டுத் திறப்பை அதிலேயே தொங்கவிட்டதற்கு ஒப்பாகும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். பிற்லொக்கரை இயக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று உருவாகும். அதனைத் தாளில் எழுதி வீட்டில் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் கோவையில் வைக்கவும். அது தொலைந்தால் ஒருநாள் உங்கள் தரவு உங்களுக்கே கிடைக்காமற் போகலாம். மற்றையது, மடிக்கணினியின் மூடியை மட்டும் மடித்துப் பையில் வைக்கும்போது அது உறக்க நிலையிலேயே இருக்கின்றது. சாவியும் நினைவகத்தில் இருக்கின்றது. பயணம் செய்யும்போது கணினியை முற்றாக நிறுத்துவதே நன்று.

4. கடவுச்சொல்லின் நீளம்

கணிதத்தில் கற்ற அடுக்குகள் இங்கு பயன்படுகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10 என 62 குறிகளைக் கலந்து எழுமாறாக எட்டுக் குறிகள் கொண்ட கடவுச்சொல் அமைத்தால் 62இன் 8ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 2.2 × 10¹⁴ சேர்மானங்கள் உண்டு. சிறிய எழுத்துகளை மட்டும் கொண்டு எழுமாறாகப் பன்னிரண்டு குறிகளில் அமைத்தால் 26இன் 12ஆம் அடுக்கு, ஏறத்தாழ 9.5 × 10¹⁶. இரண்டாவது முதலாவதைப் போல் சுமார் 437 மடங்கு. குறிகளின் வகையைக் கூட்டுவதிலும் நீளத்தைக் கூட்டுவது அதிக பயன் தருகின்றது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை அடுத்தடுத்து எழுதி ஒரு நீண்ட கடவுச்சொல் ஆக்கினால் நினைவில் நிற்கும், ஊகிப்பதும் கடினம். பாடசாலைப் பெயர், பிடித்த நடிகர் பெயர் ஆகியவற்றுடன் 123 சேர்ப்பது எவருக்கும் தெரிந்த வித்தை.

குறிப்பு: "கடவுச்சொல்லைக் காலத்துக்குக் காலம் மாற்றுதல்" என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பரீட்சையில் அதனை எழுதலாம், பிழையன்று. எனினும் ஐக்கிய அமெரிக்காவின் நியமங்கள் மற்றும் தொழினுட்பத்துக்கான தேசிய நிறுவகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், காரணமின்றி மாற்றுமாறு பயனர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும், கடவுச்சொல் வெளியாகியதற்குச் சான்று இருப்பின் மாற்றச் செய்யுமாறும் கூறியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி இலக்கத்தை 1இலிருந்து 2 ஆக்குகின்றனர், அவ்வளவே. இதைவிட முக்கியமானது ஒரே கடவுச்சொல்லைப் பல கணக்குகளுக்கு இடாமை. எங்கோ ஒரு விளையாட்டுத் தளத்திலிருந்து அது களவு போனால், அதே சொல் உங்கள் மின்னஞ்சலையும் திறந்துவிடும். மின்னஞ்சல் திறந்தால் மற்றைய கணக்குகளும் திறக்கும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

5. ஆறு இலக்கக் குறியீடு

ஒருநாள் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து வட்ஸ்அப் செய்தி வருகின்றது: "தம்பி, பிழையாக உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது. அதை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ." அதே வேளையில் குறுஞ்செய்தி ஒன்றும் வருகின்றது. அதில் ஆறு இலக்கங்கள். தெரிந்தவர்தானே என்று அனுப்பிவிடுகின்றீர்கள். சற்று நேரத்தில் உங்கள் வட்ஸ்அப் நின்றுவிடுகின்றது.

நிகழ்ந்தது என்ன? செய்தி அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவரல்லர். அவருடைய கணக்கு முன்னரே கைப்பற்றப்பட்டுவிட்டது. கைப்பற்றியவர் இப்போது வேறொரு தொலைபேசியில் உங்கள் இலக்கத்தைக் கொடுத்து வட்ஸ்அப்பைப் பதிவு செய்ய முயன்றார். இலக்கம் உங்களுடையதுதானா என்று உறுதி செய்ய வந்த குறியீடே அந்த ஆறு இலக்கங்கள். அதனைக் கொடுத்ததும் கணக்கு அவருடையதாயிற்று. அடுத்து உங்கள் பெயரில் உங்கள் சித்திக்கு, "அவசரமாகக் காசு தேவை, இந்தக் கணக்குக்குப் போடுங்கோ" என்று செய்தி போகும். பணத்தை இழப்பவர் உங்களை நம்பியவர்.

இங்கு திரைப்பூட்டு, சிம் பின் எண், மறைகுறியாக்கம் ஆகிய எதுவும் உதவவில்லை என்பதைக் கவனிக்க. தொலைபேசி உங்கள் கையிலேயே இருந்தது. பூட்டை உடைக்காமல் ஆளை ஏமாற்றித் திறப்பைப் பெறும் இம்முறையை சமூகப் பொறியியல் என்பர். போலியான வங்கித் தளத்துக்கு இணைப்பை அனுப்பிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வைப்பதும் இவ்வகையே. அது பிசிங் எனப்படும்.

ஈரடுக்குச் சரிபார்ப்பு இதற்கு நல்ல காப்பாகும். வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இதனை இயக்கினால், குறுஞ்செய்திக் குறியீட்டுக்கு மேலதிகமாக நீங்கள் தெரிவுசெய்த ஆறு இலக்கப் பின் எண்ணையும் கேட்கும். குறியீட்டை ஏமாந்து கொடுத்துவிட்டாலும் இரண்டாவது கதவு பூட்டியிருக்கும். வீட்டில் அம்மம்மா வட்ஸ்அப் பயன்படுத்துபவராயின் இன்றே அவருக்கும் இதனைச் செய்து கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை.

6. இற்றைப்படுத்தலும் காப்பெடுத்தலும்: 2023இல் நடந்தது

மென்பொருளில் காணப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கு அதனைத் தயாரித்த நிறுவனம் வெளியிடும் திருத்தங்களை நிறுவுதலே இற்றைப்படுத்தல். தரவு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்துவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் தீநிரலைக் கப்பத் தீநிரல் எனலாம். மறைகுறியாக்கம் இங்கு உங்களுக்கு எதிராகவே திரும்புகின்றது. 2017 மே மாதம் 150 நாடுகளளவில் பரவிய வன்னகிரை இவ்வகையைச் சார்ந்தது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ற் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்கள் அகப்பட்டனர்.

நமது நாட்டில் 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் அரச நிறுவனங்களின் மின்னஞ்சல் சேவையைக் கப்பத் தீநிரல் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை மீள இயங்கியபோதிலும், 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அக்காலத்துக்குரிய காப்பு நகல் வேறாக இருக்கவில்லை. இணைப்பிலிருந்த நகலும் தாக்குதலில் அகப்பட்டது. அங்கு இயங்கிய மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்சு 2013 என்னும் மென்பொருளுக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரலிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

இந்நிகழ்வு ஒன்றிலேயே இரு பாடங்களும் உண்டு. எனினும் மாணவர்கள் தவறவிடுவது இரண்டாவதையே. காப்பு நகல் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது? எப்போதும் கணினியுடன் செருகியபடி இருக்கும் வெளியக வன்தட்டைத் தீநிரலும் காணும். காப்பெடுத்த பின் கழற்றி அலுமாரியில் வைத்ததை அதனால் தொட முடியாது. மூன்று நகல்கள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பலர் பின்பற்றுகின்றனர். மாணவர் ஒருவருக்கு மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகிள் டிரைவில் ஒன்று எனலாம். கூகிள் கணக்குடன் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைற்று இடத்தில் ஆண்டு முழுவதற்குமான செயற்றிட்ட வேலைகளை வைக்கலாம்.

ஒத்திசைவும் காப்பும் ஒன்றல்ல என்பதையும் அறிக. தொலைபேசியில் படத்தை அழித்தால் கூகிள் படத்தொகுப்பிலும் அது அழிகின்றது. சில வாரங்கள் குப்பைத் தொட்டியில் இருந்து பின் அங்கிருந்தும் போய்விடும். ஓரிடத்தில் நிகழ்ந்த தவறு மற்றைய இடத்திலும் நிகழ்வதே ஒத்திசைவு.

மைக்ரோசொப்ற் நிறுவனம் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. மேலதிகப் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்யாமல் அதனைத் தொடர்ந்து பயன்படுத்துவோர், புதிதாகக் காணப்படும் ஓட்டைகளுக்குத் திருத்தம் பெறமாட்டார்கள். செயலிகளைப் பொறுத்தவரை, உரிய அங்காடியிலிருந்தன்றி வட்ஸ்அப்பில் எவரோ அனுப்பிய கோப்பிலிருந்து ஒருபோதும் நிறுவ வேண்டாம்.

7. பௌதிகப் பாதுகாப்பு

இது சுருக்கமானது. ஈரம், வெப்பம், தூசு, அதிர்ச்சி என்பவற்றிலிருந்து காத்தல். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளை மறைக்காமை. பொது இடத்தில் பூட்டுக் கம்பியால் மேசையுடன் பிணைத்தல். நமது நாட்டில் இடைப்பருவ மழைக் காலங்களான மார்ச், ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல் அதிகம். அவ்வேளையில் மின்னேற்றியைச் சுவர்க் குதையிலிருந்து கழற்றிவிடுக. ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது.

8. தொலைந்த பின்னர்

இங்கு ஒழுங்குமுறை முக்கியம். தொலைபேசி களவு போனதும் பலர் முதலில் செய்வது சேவை வழங்குநரை அழைத்துச் சிம் அட்டையைத் தடை செய்வதாகும். ஆனால் சிம் தடைப்பட்டதும் தொலைபேசியின் இணைய இணைப்பும் அறுந்துவிடும். அதன்பின் நீங்கள் அனுப்பும் "பூட்டு" அல்லது "அழி" என்னும் கட்டளை அதனைச் சென்றடையாது. ஆகவே இன்னொருவரின் தொலைபேசியிலிருந்து உங்கள் கூகிள் அல்லது அப்பிள் கணக்கினுள் சென்று, தொலைந்த சாதனத்தை முதலில் பூட்டுக. உடனடியாக அதன்பின் சிம் அட்டையைத் தடை செய்க. இணைய வசதி கைவசம் இல்லையெனில் காத்திராமல் சிம்மையே தடை செய்க. ஒருமுறைக் கடவுச்சொற்கள் பிறரிடம் செல்வதே அவ்வேளையில் பெரிய ஆபத்து. பின்னர் வங்கிக்கு அறிவித்தலும், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுதலும்.

ஈரடுக்குச் சரிபார்ப்பு இயக்கப்பட்டிருந்தால் கூகிள் கணக்கு குறியீட்டைக் கேட்கும். அது வருவதோ தொலைந்த தொலைபேசிக்கு! இதற்கெனவே கூகிள் முன்கூட்டியே பத்துக் காப்புக் குறியீடுகளைத் தருகின்றது. அவற்றையும் தாளில் எழுதி, மேற்கூறிய கோவையினுள் வைக்கவும்.

பொலிஸ் நிலையத்தில் முறையிடும்போது ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் தேவைப்படும். உலகிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனியாக வழங்கப்படும் 15 இலக்கங்கள் இவை. இரண்டு சிம் இடும் தொலைபேசிக்கு இரு இலக்கங்கள் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும்; பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும். தொலைந்த பிறகு அழுத்திப் பார்க்க முடியாதாகையால் இப்பக்கத்தை வாசித்து முடித்ததும் குறித்து வைக்கவும்.

9. திருத்தக் கொடுத்தலும் விற்றலும்

கண்ணாடி மாற்றக் கடையில் கொடுக்கும்போது சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்க. பின் எண்ணைத் தாளில் எழுதித் தொலைபேசியின் பின்புறம் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண்ணாடி மாற்றுவதற்கு அது தேவையில்லை. சோதித்துப் பார்க்கக் கேட்டால் நீங்களே நின்று திறந்து காட்டலாம்.

விற்கும்போது படங்களை ஒவ்வொன்றாக அழித்தல் போதுமா? கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் அதன் பெயர் அட்டவணையிலிருந்து நீக்கப்படுகின்றதேயன்றி, வேறு தரவு அவ்விடத்தில் எழுதப்படும் வரை உள்ளடக்கம் எஞ்சியிருக்கும். மீட்பு மென்பொருள்களால் அதனை எடுக்கலாம். மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தொலைபேசியில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும்போது சாவியே அழிக்கப்படுவதால் எஞ்சிய தரவு பயனற்றுப் போகின்றது. மீட்டமைக்குமுன் கணக்கிலிருந்து வெளியேறவும் வேண்டும். இல்லையேல் வாங்கியவரிடம் தொலைபேசி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

10. சட்டம்

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரமின்றிப் பிறருடைய கணினியை அல்லது அதிலுள்ள தகவலை அணுகுதல் குற்றமாகும். இச்சட்டத்தில் கணினி என்பது தகவலை முறைவழிப்படுத்தும் ஆற்றலுள்ள சாதனத்தைக் குறிப்பதால் கையடக்கத் தொலைபேசியும் அதனுள் அடங்கும். விளையாட்டாக நண்பரின் தொலைபேசியைத் திறந்து பார்த்தல் என்று நாம் கூறுவதைச் சட்டம் விளையாட்டாகக் கொள்ளாது. 2016 ஓகஸ்டில் அப்போதைய சனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டது. உயர்தரப் பரீட்சையை ஏப்பிரலில் நடத்தும் தீர்மானத்தை மாற்றுமாறும் அங்கு எழுதப்பட்டிருந்தது. கைது செய்யப்பட்டோருள் 17 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். கணினிசார் சம்பவங்களை அறிவிப்பதற்கு 2006இல் நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனம் உள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. பின்வரும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் நிகழ்ந்த இழப்பின் வகையைக் குறிப்பிட்டு, அதனைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு வழியைத் தருக.
(அ) மடிக்கணினியின் வன்தட்டு பழுதடைந்து ஆய்வறிக்கை அழிந்தது.
(ஆ) களவு போன தொலைபேசியின் நினைவக அட்டையிலிருந்த படங்கள் பரப்பப்பட்டன.
(இ) மாணவி ஒருத்தியின் வட்ஸ்அப் கணக்கிலிருந்து அவரறியாமல் உறவினரிடம் பணம் கேட்கப்பட்டது.

2. திரைப்பூட்டு இருக்கும்போது சிம் பின் எண்ணும் தேவைப்படுவது ஏன்?

3. எழுமாறாகத் தெரிந்த ஐந்து இலக்கப் பின் எண்ணுக்குரிய சேர்மானங்கள் எத்தனை? அதே நீளமுள்ள, ஆங்கிலச் சிறிய எழுத்துகளாலான கடவுச்சொல்லுக்கு எத்தனை?

4. கணினியுடன் நிரந்தரமாக இணைக்கப்பட்டுள்ள வெளியக வன்தட்டில் நாள்தோறும் காப்பெடுக்கும் அலுவலகம் ஒன்று, கப்பத் தீநிரலால் தாக்கப்பட்டது. தரவை மீட்க முடியாமற் போனதற்குரிய காரணத்தை விளக்குக.

5. தொலைபேசி களவு போனவர் ஒருவர் முதலில் சிம் அட்டையைத் தடை செய்தார். அரை மணித்தியாலத்தின் பின் தொலைவிலிருந்து தொலைபேசியை அழிக்க முயன்றார், முடியவில்லை. ஆயினும் திருடியவர் வைபை வசதியுள்ள இடத்தில் தொலைபேசியை இயக்கியதும் அது அழிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் விளக்குக.